அவல்தார் வீட்டு வெள்ளைச் செண்டு

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். இங்கிட்டு வாங்க, காத்தாடிக்கு நேரா.

குருவையாவத் தேடித்தான வந்திருக்கீக? பையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. விதைக் கம்பெனின்னு எழுதியிருக்குல்ல, நான் எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன். ஓசூர்ல இருந்தா? ஆத்தாடி, ராத்திரியே பஸ் ஏறியிருப்பீக. மோரு குடிங்க. அவன் கடையில இருக்கான். மோட்டார் கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, ‘அவல்தார் மோட்டார்ஸ்’னா வத்தலக்குண்டுல எல்லாருக்கும் தெரியும். ஆனா கடைக்குப் போயிறாதீக. ஒரு மணிக்கு அவனே சாப்பிட வந்துருவான். ஒரு மணின்னா ஒரு மணி. பதினேழு வருசம் பட்டாளத்துல இருந்து அவல்தாரா வந்தவன்ல? பக்கத்து மெஸ்காரர் இவன் சைக்கிள் திரும்புறதப் பாத்துத்தான் எலை போடவே ஆரம்பிப்பாரு.

இன்னும் முக்காமணி நேரம் இருக்கு. அதுக்குள்ள எனக்கு உங்ககிட்ட ஒரு காரியம் ஆகணும் தம்பி. சொல்றேன். மொதல்ல மோரக் குடிங்க.

நான் அவனுக்கு அக்கா. சீனியம்மா. அவன் பொஞ்சாதி பவுனு செத்து அஞ்சு வருசமாச்சு. மக கோயமுத்தூர்ல கட்டிக்குடுத்திருக்கு. இவன் ஒத்தையில கஞ்சி காச்சிக் குடிச்சுக்கிட்டுக் கெடந்தான். நானும் தாலியறுத்தவதான், எனக்கென்ன, பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டேன். அவன் கூப்புடல. கூப்புட்டாத்தான் வரணுமா? கூடப்பொறந்தவ. வந்த அன்னைக்கு அவன் வச்சிருந்த சாமான் செட்ட எல்லாம் எடம் மாத்தி வச்சேன். ஒரு மாசம் அவனுக்கு உப்பு டப்பா எங்க இருக்குன்னே தெரியல. இப்பப் பழகிட்டான்.

நீங்க தை மாசக் கடைசியில வர்றதாத்தான எழுதியிருந்தீக? அவன் சட்டைப்பையில லெட்டரு இருந்துச்சு, தொவைக்கப் போட்டப்ப எடுத்தேன். “பூவையும் நேரில் பார்த்து, விதையும் பெற்றுக்கொள்கிறோம்”னு அச்சடிச்சிருந்துச்சு. மார்கழியிலயே வந்துருச்சாம் அந்த லெட்டரு. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இம்புட்டும் வந்திருக்குமா? சொல்லமாட்டான். வாய் தொறந்தா முத்து உதிர்ந்துரும். எல்லாம் முடிஞ்ச பெறகு, சட்டைப்பையில பாத்துத்தான் நான் தெரிஞ்சுக்கறேன். இப்பப் பங்குனியே பொறந்துருச்சு. நீங்களாவது சொன்ன நாளைக்கு வந்திருக்கக் கூடாதா? சரி விடுங்க. அந்த நாளைக்கு வந்திருந்தாலும் பூ இல்ல.

ஆமா தம்பி. இல்ல. பூவும் இல்ல, வெதையும் இல்ல, செடியும் இல்ல.

அட உக்காருங்க. எந்திரிச்சா எப்புடி? மாடிக்கா? மாடியில பெயிண்டு வாளிதான் இருக்கு, அதுல மண்ணு இருக்கு. சொல்றதக் கேளுங்க.

அந்தப் பூ வந்த கதை உங்களுக்கு எழுதியிருக்கானா? எழுதியிருக்கமாட்டான். அது பன்னெண்டு வருசத்துக்கு முந்தி. ஆயுத பூசைக்குக் கடையில அம்புட்டு மோட்டாருக்கும் செண்டுப்பூ மாலை போடுவான், நீங்க செண்டுமல்லிம்பீகள்ல, அது. பூசை முடிஞ்சு காஞ்ச மாலையக் கடைக்குப் பின்னாடி வீசிருவாக. அது மழைக்கு மொளைச்சு ஒரே செண்டுக்காடா நிக்கும் வருசா வருசம். அந்த வருசம் பவுனு மத்தியானச் சாப்பாடு கொண்டுக்கிட்டுப் போனவ, கொல்லைப்பக்கம் கை கழுவப் போயிருக்கா. போனவ போனவதான். சோறு ஆறுது, இவன் தேடிப் போனா அவ ஒரு செடிக்கு முன்னாடி குந்திக்கிட்டு இருக்கா. “இங்க பாருங்க, இது மட்டும் வெளுத்துப் பூத்திருக்கு. இதப் பிடுங்காதீக”ன்னாளாம்.

அவளுக்கு அதுதான் வேலை. ஒரு பூவப் பாத்தா அடுப்புல பால் பொங்குறது தெரியாது. நான் ஒரு தடவ தீவாளிக்கு வந்தப்ப அதிரச மாவு பெசைஞ்சுக்கிட்டே ஜன்னல் வழியா என்னத்தையோ பாத்துக்கிட்டு நிக்கிறா, மாவு கல்லாப் போச்சு. அந்த வருசம் அதிரசத்தச் சுத்தியல வச்சுத்தான் ஒடைச்சோம். செத்தவளக் குறை சொல்லக்கூடாது. சொல்லல.

அந்த ஒத்தச் செடியில வெதை எடுத்து மாடியில போட்டாக ரெண்டு பேரும். நூறு செடி மொளைச்சா தொண்ணூத்தெட்டு மஞ்சளாப் பூக்கும். மஞ்சளப் பூராம் பிடுங்கி எறிஞ்சிட்டு வெளுத்ததுல மட்டும் வெதை. அடுத்த வருசம் அதுல இன்னும் வெளுத்தது. எடுத்த வெதையப் பூராம் ஊனிருவாக, மிச்சம் வைக்கறதில்ல. இப்புடியே பன்னெண்டு வருசம். பவுனு போனதுக்கப்பறம் இவன் மட்டும். நான் கேட்டேன், “ஏன்டா, வெள்ளைக்கு மல்லி இருக்கு, சம்பங்கி இருக்கு. செண்டு மஞ்சளா இருந்தா என்னடா? பனியில மூணு வருசம் வெள்ளையவே பாத்துக் கெடந்தவன், இங்க வந்துமா வெள்ளை?”ன்னேன். “மல்லியும் சம்பங்கியும் ஏற்கெனவே இருக்குக்கா”ன்னான்.

அதுக்குப் பண்ற கூத்து இருக்கே! கொசுவலையக் கிழிச்சுப் பை தைப்பான். நல்ல பூவுக்கு அந்தப் பைய மாட்டிருவான். சுத்துப்பட்டியில பூராம் செண்டுத் தோட்டம்ல, அங்கிட்டு இருந்து தேனீ வந்து மஞ்சளக் கலந்துருமாம். காலையில சாமி கும்புடுறதுக்கு முந்தி, பிள்ளைக படம் வரையிற பிரஷ்ஷ எடுத்துக்கிட்டு மாடியேறி, பூவுக்குப் பூ மகரந்தத் தூளத் தொட்டுத் தடவி விடுவான். வெதைக்குன்னு விட்ட பூவுக்குக் காம்புல ஒரு செகப்புக் குழாய் மாட்டுவான். மோட்டாருக்கு காயில் கட்டுறப்ப ஒயர் மேல போடுவாகள்ல, ஸ்லீவுன்னு, அது. ஒரு பூ பறிக்க விடமாட்டான். ஆடிவெள்ளிக்கு அம்மன் படத்துக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டேன், கடைக்குப் போயி ரெண்டு மொழம் மல்லி வாங்கியாந்து குடுத்துட்டுப் போயிட்டான்.

சரி, கதைக்கு வாறேன்.

தை மாசம் மொத வாரம். வர்த்தக சங்கச் செயலாளர் சௌந்தரபாண்டி வந்தாரு, பாத்திரக்கடை வச்சிருக்காரே, அவரு. குருவையா கடைக்குப் போயிட்டான். “அக்கா, குடியரசு தினத்துக்குக் கடைவீதியில கொடி ஏத்துறோம். இந்த வருசம் நம்ம அவல்தாருக்குப் பொன்னாடை போத்தி மாலை போடலாம்னு சங்கத்துல முடிவு. சொன்னா வேணாம்னுருவாரு. கொடி ஏத்த மட்டும் கூப்புடறோம். நீங்க வாயத் தொறக்காதீக”ன்னாரு.

“நான் எதுக்குய்யா தொறக்கறேன்?”ன்னேன்.

“ஆளுயர ரோசா மாலை சொல்லியிருக்கேன்”ன்னாரு.

எனக்குப் பொசுக்குன்னு வந்துச்சு பாருங்க ஒரு யோசனை. “ரோசா மாலைய எந்தக் கவுன்சிலருக்கு வேணும்னாலும் போடலாம். எந் தம்பிக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? அவன் வளத்த பூவுலயே மாலை கட்டிப் போடுவோம். கழுத்துல விழுகுறப்ப ஆளு அப்படியே உருகிருவான்”ன்னேன். அவரு கையெடுத்துக் கும்புட்டாரு. “அக்கான்னா அக்காதான். எங்களுக்கெல்லாம் இது தோணலையே”ன்னாரு.

யாருக்கும் தோணல தம்பி. எனக்குத்தான் தோணுச்சு.

விழாவுக்கு மொத நாளு, அவன் எட்டு மணிக்குக் கடைக்குக் கெளம்புனதும் பூக்கட்டுற பஞ்சவர்ணத்தக் கூட்டிக்கிட்டு மாடியேறினேன். அவ வாயப் பொளந்துட்டா. முப்பது வருசமாப் பூவுல கெடக்கறவ. “யக்கா, இது செண்டா? மல்லியப் பந்தாச் சுருட்டி வச்ச மாதிரி இருக்கே”ன்னா. எதப் பறிக்க, எத விடன்னு அவளுக்குத் தெரியல. நான்தான் சொன்னேன், “கொசுவலைக்குள்ள இருக்கறதப் பறி. செகப்புக் குழாய் மாட்டுனதப் பறி. நல்லதாப் பாத்து அவனே அடையாளம் வச்சிருக்கான், நமக்கு வேலை மிச்சம்”னு. பறிச்சா. காம்போட, கொப்போட அறுத்தா, நானும் கூடவே பறிச்சேன். ஆளுயர மாலைக்குப் பூ பத்தணும்ல?

பறிச்ச பெறகு பாத்தா, காஞ்சு கருகுன பூ முப்பது நாப்பது அப்புடியே செடியில தொங்குது. அதுகளுக்கும் பை போட்டுத்தான் வச்சிருந்தான். மறந்துட்டான்போலன்னு நெனச்சேன். விழா முடிஞ்சு நாலு பேரு வீட்டுக்கு வருவாக, மாடியப் பாப்பாக, பீடையாத் தெரியுமேன்னு அம்புட்டையும் கிள்ளி ஒரு சாக்குல போட்டு, வாசல்ல வந்த குப்பை வண்டியில ஏத்திவிட்டேன். அன்னைக்கு மாடியக் கூட்டித் தண்ணி தெளிச்சுக் கோலமும் போட்டேன் தம்பி. முழங்கால் வலியோட.

தெரியுது. இப்பத் தெரியுது. அதுக்குள்ளதான் வெதைன்னு. நீங்க மூஞ்சிய அப்புடி வச்சுக்கிட்டா எனக்கு மேல சொல்ல வராது. எந்த வீட்லயாவது காஞ்ச பூவ வச்சுக் கும்புடுவாகளா? நான் அப்புடித்தான பழகியிருக்கேன்?

அன்னைக்குச் சாயங்காலம் வந்தவன் மாடியேறிருவானோன்னு எனக்குப் படபடன்னு இருந்துச்சு. “கீழ மோட்டாரு ஓடமாட்டேங்குது பாருடா”ன்னு பிடிச்சு வச்சுக்கிட்டேன். நல்ல மோட்டாரு. ரெண்டு மணி நேரம் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தான். காலையிலயும் மாடியேற விடல. “நேரமாச்சு, அங்க கொடி காத்துக்கிட்டு இருக்கு”ன்னு வெரட்டிட்டேன். எம்புட்டுச் சாமர்த்தியம் பாருங்க.

விழாவுக்கு மெடலெல்லாம் குத்திக்கிட்டு வந்தான். கொடி ஏத்துனான். ஒரு சலூட்டு வச்சான் பாருங்க, கடைவீதியே ஆடாம நின்னுச்சு. பெறகு மைக்குல, “நாட்டைக் காத்த நம்ம அவல்தாருக்கு, அவர் கையாலேயே வளர்த்த பூவால் மாலை”ன்னு சௌந்தரபாண்டி சொல்லி முடிக்கல, கழுத்துல விழுந்துருச்சு. எல்லாரும் கை தட்டுறாக. நான் மொத வரிசையில உக்காந்து அழுகறேன், சந்தோசத்துல. அவன் குனிஞ்சு பாத்தான். ஒரு பூவத் தூக்கிப் பாத்தான். அதுல அந்தச் செகப்புக் குழாய் அப்படியே மாட்டியிருந்துச்சு, பஞ்சவர்ணம் கழட்டாம வச்சுக் கட்டிட்டா போல. அதப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறான். ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாக. மைக்கு முன்னாடி நின்னான், வாயத் தொறந்தான், மூடிட்டான். ஆனந்தத்துல வார்த்தை வரலன்னு சௌந்தரபாண்டியே சொல்லிட்டாரு.

மாலையக் கழட்டவே இல்ல. கழுத்துல போட்டபடியே கடைவீதி வழியா நடந்து வீட்டுக்கு வந்தான். எதிர்ல வந்தவகளெல்லாம், “என்ன அவல்தாரு, மாப்பிள்ளைக் கோலமா?”ன்னு கேலி பேசறாக. எனக்கு ஒரே பெருமை. “பாரு, கழட்ட மனசில்ல”ன்னு பின்னாடியே வாறேன்.

வந்தவன் நேரா மாடியேறினான். ரொம்ப நேரமாச்சு. போயிப் பாத்தா, ஒரு வெள்ளை வேட்டிய விரிச்சு மாலையப் பிரிச்சு பூவுக்குப் பூ அடுக்கி வச்சிருக்கான். “காஞ்ச பூவெல்லாம் எங்கக்கா?”ன்னான். “குப்பையில போட்டுட்டேன்டா, சுத்தமா இருக்கட்டும்னு”ன்னேன். சைக்கிள எடுத்துக்கிட்டுப் போனான். ஊருக்கு வெளிய குப்பைக் கெடங்கு இருக்குல்ல, அங்க. மெடலுச் சட்டையோட. பொழுது சாயத் திரும்பி வந்தான். வெறுங்கை. அங்கதான் தெனமும் தீ வச்சிருவாகளே.

அந்த “எங்கக்கா”தான் கடைசி. இன்னைக்கு அம்பது நாளாச்சு தம்பி, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசி.

வையல. அடிக்க வரல. வெளிய போன்னு சொல்லல. வஞ்சாத்தான் தேவலையே, நானும் ரெண்டு வஞ்சு, அழுது, முடிஞ்சுபோயிரும்ல? போட்டதச் சாப்புடறான். குழம்புல உப்பு இல்லாம வச்சுப் பாத்தேன், அதையும் சாப்புட்டான். எனக்கு முழங்காலுக்குத் தைலம் தீந்தா அவனே வாங்கியாந்து ஜன்னல்ல வச்சிருப்பான். பேச்சு மட்டும் இல்ல. கடையில போயிப் பாருங்க, எல்லார்கிட்டயும் பேசறான். இந்த வீட்டுக்குள்ள நொழைஞ்சாத்தான்.

நானும் சும்மா இருக்கல. மாலைப் பூவ அவன் மூணு நாளு காய வச்சுப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தான். எல்லாம் பதர். இருந்தும் தட்டுல மண்ணு போட்டு ஊனி வச்சான். ஒண்ணும் மொளைக்கல. செடியாவது தேறட்டும், திரும்பிப் பூக்கும்னு நானே தண்ணி ஊத்துனேன். வெறும் தண்ணியா? மீன் கழுவுன தண்ணி. செடிக்கு அதவிட உரம் இல்லம்பாக. நான் மீனுக்குக் கல்லுப்பு ரெண்டு கை போட்டு உரசு உரசுன்னு உரசித்தான் கழுவுவேன், வீச்சம் இருக்கக்கூடாதுல்ல. தெனமும் மீனு வாங்குனேன் தம்பி, செடிக்காக. எட்டே நாள்ல பூராம் கருகிப்போச்சு. அவன் ராசிதான் சரியில்ல.

பெறகு நர்சரியில போயிப் பத்து மஞ்சச் செண்டு வாங்கியாந்து வாளிக்கு ஒண்ணா நட்டு வச்சேன். அதையும் வையல. ஒவ்வொண்ணா வேரு நோகாம எடுத்து, தெருக்கோடியில பிள்ளையார் கோயில் ஓரத்துல நட்டுட்டு, கைய உதறிட்டு வந்துட்டான்.

அதுக்குத்தான் தம்பி உங்களக் கேக்கறேன். நீங்க படிச்ச பிள்ளை. கம்பெனி ஆளு. நீங்க சொன்னா நம்புவான். அவன் வந்ததும் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. “அய்யா, உங்க பூ ஒண்ணும் பெரிசில்ல. இந்த மாதிரி வெள்ளை எங்ககிட்ட ஏற்கெனவே நெறையா இருக்கு”ன்னு. பொய்தான். யாருக்கு நட்டம்? போனது ஒண்ணும் பெரிசில்லன்னு தெரிஞ்சா எங்கிட்டப் பேசிருவான்ல? எனக்கு எழுவத்தொரு வயசாச்சு. பேசாத வீட்ல சாகப் பயமா இருக்கு தம்பி.

என்ன? அப்புடிச் சொல்ல முடியாதா? இந்த மாதிரி வெள்ளை உங்ககிட்டயும் இல்லையா? அதுக்காகத்தான் நீங்களே நேர்ல வந்தீகளா?

...சைக்கிள் சத்தம். வந்துட்டான். தம்பி, மறந்துறாதீக, சொன்னதச் சொல்லுங்க. சாமி சத்தியமாச் சொல்லுங்க.

*

கேட்டீகளா? கேட்டீகளா தம்பி? உக்காருங்க, அவன் கை கால் கழுவப் போயிருக்கான், கொல்லைக்கு. நீங்க வாயத் தொறக்கறதுக்குள்ள அவனே சொல்லிட்டான் பாத்தீகளா!

“மன்னிக்கணும் சார். வீணா அலைய வச்சிட்டேன். நான் எழுதுனது தப்பு. வெள்ளை வரல. எலுமிச்சம்பழ நெறத்துல வந்து நின்னுபோச்சு. வயசான கண்ணு, ஆசையில வெள்ளைன்னு எழுதிட்டேன். அதான் இந்த வருசத்தோட நானே எல்லாத்தையும் எடுத்துட்டேன்”னு சொன்னானா இல்லையா? அவன் வாயாலயே. பெறகு எம் பக்கம் திரும்பி, “அக்கா, சாருக்கு எலை போடு”ன்னான். அக்கான்னான் தம்பி! அம்பது நாளு கழிச்சு அக்கான்னான்!

அப்ப நான் ஒண்ணும் கெடுக்கல. வெள்ளையே வரலையாம்ல. வராத பூவுக்கா இம்புட்டும்? இதத்தான நான் அன்னைக்கே... இருங்க, எலைய எடுத்தாறேன். முருங்கைக்காய் சாம்பாரு, கத்திரிக்காய் வெஞ்சனம். எலை எங்க வச்சேன்?

எலுமிச்ச நெறமாம்.

தம்பி, அவன் பொய் சொல்ல மாட்டானே. வாங்குன மோட்டாருல ஒரு கீறல் இருந்தாலும் காட்டிட்டுத்தான் விப்பான். எலுமிச்ச நெறமா? நான் கையால பறிச்சேனே. என் மடியில இருந்துச்சே ஒரு கூடை. என் சேலை வெள்ளை, அதுக்கு மேல வச்சா எது பூ, எது சேலைன்னு... பஞ்சவர்ணம் மல்லின்னாளே.

ஏன் அப்புடிச் சொன்னான்? நான் இங்க நிக்கறேன்னா?

தம்பி, நோட்ட மூடாதீக. அவன் சொன்னத எழுதிக்கிட்டீகளா? அடிச்சிருங்க. அது பொய். சௌந்தரபாண்டி செல்லுல போட்டோ எடுத்தாரு, வாங்க, காட்டச் சொல்றேன். போட்டோ செல்லாதா? வெதைதான் வேணுமா? வெதைக்கு நான் எங்க போவேன்? சரி, வெதை இல்லன்னே எழுதுங்க. ஆனா வெள்ளைன்னு எழுதுங்க. பன்னெண்டு வருசம் தம்பி. வெள்ளையாப் பூத்துச்சுன்னு எழுதுங்க. அவன் அக்கா பறிச்சுட்டான்னு எழுதுங்க, சீனியம்மா, எம் பேரு, அஞ்சே எழுத்துத்தான்.

எழுதுங்க தம்பி. சீக்கிரம். குழாய மூடிட்டான்.